ஏழாம் பக்கத்துப் பூனை

அவருக்குக் கோலம் போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்ப் பெண்மணி, சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கையில் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அம்மா போட்ட கோலத்தைப் பார்த்துத்தானே கை வந்தது? பேட்டி எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் அவர் இரண்டு முறை இல்லை என்று சொன்னார். அந்தப் பெண் நன்றாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டு போய், வாசற்கோலத்தில் பிறந்த கோடுகள் என்று தலைப்புக் கொடுத்துவிட்டாள். பேட்டி வெளியான அன்று காலை அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"ரைட்டர் சார், பேப்பர் பாத்தீங்களா? எங்க பில்டிங்ல வாசல்ல கோலம் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் ஸ்கூட்டரை அது மேலதான் நிறுத்துவான். எங்கம்மா கோல ஸ்டிக்கர் ஒட்டிட்டு வேலைக்குப் போயிடும். நான் எங்க கத்துகிட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன் தெரியுமா? ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்ல. அதை ஏன் எழுதல?"

"எழுதுனா யாருங்க்கா நம்புவாங்க?"

"நம்பலைன்னா போகட்டும். அதுக்காகப் பொய்யி எழுதறதா?"

அவர் சொன்னது உண்மைதான். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அவருடைய அப்பா மராத்தி பேசும் தொழில்நகரமான சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய உதிரிபாகக் கேட்டலாக்குகளைப் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட வீட்டுக்குக் கொண்டு வருவார். மகள் அட்டை போடாமல் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு கார்புரேட்டரைப் பிரித்து, அதன் திருகு, வளையம், ஸ்பிரிங் எல்லாம் காற்றில் வரிசையாக நிற்பதுபோல் வரைந்திருப்பார்களாம். எது எதற்குள் போகும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். "அதைவிட நல்ல கதை நான் இன்னும் படிக்கல சார்" என்பார் என்னிடம். நானும் கதை எழுதுகிறவன் என்பதை அவர் அடிக்கடி மறந்துவிடுவார், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொள்வார்.

இன்னொரு குரு, தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படங்கள். ஹெல்மெட் போடாமல் சிரித்துக்கொண்டு நிற்பான் ஒருத்தன். அவன் தலைக்கு மேலே ஒரு ஸ்பேனர் விழுந்துகொண்டிருக்கும். "அவனுக்குத் தெரியாது, பாக்கறவனுக்குத் தெரியும். அவ்ளோதான் சார், எல்லாக் கதையும்" என்பார். பத்தொன்பது வயதில் அவரே ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் டிரேஸராகச் சேர்ந்தார். எஞ்சினியர் பென்சிலில் போட்டதை மெல்லிய தாளில் மையால் படியெடுப்பது வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்து அந்த வேலை போயிற்று. அதற்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டதில்லை. "முதுகு வலி போச்சு" என்றுதான் சொல்வார். இப்போது கையுறை மாட்டிக்கொண்டு டேப்லெட்டில் வரைகிறார்.

ஆனால் டிரேஸர் வேலையிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை விடாமல் கொண்டுவந்தார். எஞ்சினியரிங் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிகிற விளிம்பை முழுக்கோடாகப் போடுவார்கள். உள்ளே மறைந்திருப்பதை இடைவெளி விட்டு வரும் துண்டுக்கோடாகப் போடுவார்கள், பார்க்கப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். அவருடைய புத்தகங்களிலும் அப்படித்தான். தவளை விழுங்கிய பூச்சி அதன் வயிற்றுக்குள் புள்ளிக்கோட்டில் இருக்கும். பாட்டி இடுப்பில் செருகிய சாவிக்கொத்து சேலைக்குள் இருக்கும். சுவருக்குப் பின்னால் ஒளிந்த அண்ணனின் முழங்கால்கூட இருக்கும். பெரியவர்கள் அதை ஒரு பாணி என்றார்கள், விருதுக்குக்கூடப் பரிந்துரைத்தார்கள். குழந்தைகள் அப்படி நினைக்கவில்லை. இந்த ஆள் நம்மிடம் எதையும் ஒளிக்க மாட்டார் என்று நம்பினார்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். வங்கி வேலை மாற்றலில் வந்து சிஞ்ச்வடுக்குப் பக்கத்திலுள்ள சாங்வியில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். தமிழிலும் மராத்தியிலும் சேர்த்துச் சிறுவர் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகம் என் கதை ஒன்றை எடுத்துக்கொண்டது. ஒரு சிறுமி சணல் பைக்குள் பூனைக்குட்டியை ஒளித்துவைத்து லோக்கல் ரயிலில் அத்தை வீட்டுக்குக் கொண்டு போகிறாள். கூட வரும் அம்மாவுக்கே தெரியாது. அவ்வளவுதான் கதை. என் முதல் புத்தகம் என்பதால் எனக்கு அது காவியம்.

படம் வரையப்போகிறவரைப் பார்க்க முதல் தடவை சிஞ்ச்வடில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கேள்விகள்தான் கிடைத்தன. பை தோளில் தொங்குகிறதா, கையிலா? அடிப்பக்கம் தட்டையா, குவிந்ததா? குட்டிக்கு எத்தனை வாரம்? மூச்சு விட வழி உண்டா?

"அதெல்லாம் கதையில வரலீங்களே" என்றேன்.

"கதையில வரலை. பையில வரணுமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அடுக்குமாடிச் சொசைட்டி வாட்ச்மேன் வளர்த்த குட்டி ஒன்றைச் சணல் பையில் வைத்துக்கொண்டு சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நான்தான் அந்தச் சிறுமியாம். நாற்பத்தாறு வயது வங்கி அதிகாரி, மடியில் மியாவ் என்று கத்தும் பையுடன் லோக்கலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவர் ஒரு சின்ன நோட்டுடன் இருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பையைத் திறந்து பார்ப்பார், நாலு கோடு கிழிப்பார், மூடிவிடுவார். பிம்ப்ரியில் நின்றுகொண்டிருந்த குட்டி காசர்வாடியில் உட்கார்ந்தது. தாபோடியில் சுருண்டு படுத்தது. நதிப்பாலத்தின்மேல் ரயில் போகும்போது என் பேன்ட்டில் சூடாக ஏதோ இறங்கிற்று.

"அசையாதீங்க" என்றார். "மூஞ்சிய அப்படியே வைங்க."

அந்த மூஞ்சி இப்போது புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பயணியின்மேல் இருக்கிறது. எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் படங்கள் வந்தபோது கோபம் ஓடிவிட்டது. பதினாறு பக்கத்திலும் பை முழுக்கோட்டில் இருந்தது, உள்ளே குட்டி புள்ளிக்கோட்டில் இருந்தது. நின்றது, உட்கார்ந்தது, சுருண்டது, பயந்தது. நான் எழுதிய கதை இவ்வளவு உயிரோடு இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போக இருந்த சமயத்தில் அவர் மகளின் பிரசவத்துக்காக நாக்பூர் போயிருந்தார். கடைசிப் பிரதியைப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு எனக்கு வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு குறை தோன்றியது. எல்லோரும் படத்தைத்தான் பேசப்போகிறார்கள், எழுத்தை யார் பேசுவார்கள்? ஏழாம் பக்கத்துக்கு இரண்டு வரி புதிதாக எழுதினேன். பாலத்தின்மேல் ரயில் போனது, வானமும் தண்ணீரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன என்று. அந்தப் பக்கத்தில் பை ரயிலின் மேல்தட்டில் இருக்கும். வரிகளை வைக்க அந்தப் பையைத் தவிர வேறு இடம் இல்லை. மகர்பட்டாவில் இருந்த வடிவமைப்பாளர், எழுத்தும் புள்ளிக்கோடும் சிக்கிக்கொள்கின்றன, என்ன செய்யட்டும் என்று ஃபோனில் கேட்டார். நாக்பூருக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். போட்டால் நூறு கேள்வி வரும். புள்ளிக்கோட்டை எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கவனித்தவளுக்கு ஐந்து வயது இருக்கும்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலை, எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸில் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினோம். பதிப்பாளர் அம்மாள் ஐம்பது பிரதி கொண்டு வந்திருந்தார். நாக்பூரிலிருந்து திரும்பிய அவரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழாம் பக்கம் திருப்பியதும் முன்வரிசையில் ஒரு மராத்திச் சிறுமி, பூனை எங்கே என்றாள். உள்ளே தூங்குகிறது என்றேன். முந்தின பக்கத்திலும் தூங்கியது, ஆனால் தெரிந்ததே என்றாள். ரயில் குலுங்கியது, பை ஆடியது என்று அதே பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அவள் கணக்குப் போட்டுவிட்டாள். பூனை ஆற்றில் விழுந்துவிட்டது.

முதலில் அவள் அழுதாள், பிறகு பக்கத்துப் பையன், பிறகு வரிசை முழுக்க. எட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பூனை இருக்கிறது பார் என்று காட்டினேன். இது வேறு பூனை என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நிலைமைதான் எனக்கு.

அவர் எழுந்து வந்தார். ஒரு பிரதியை வாங்கி ஏழாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில், அந்தச் சிறுமிக்கு எதிரே உட்கார்ந்தார். "மாஜீ சூக் ஆஹே" என்றார். தப்பு என்னோடது. பூனை விழவில்லை, நான்தான் போட மறந்துவிட்டேன். இந்தா, இப்போதே போடுகிறேன்.

பேனாவை எடுத்து அவள் மடியிலேயே புத்தகத்தை வைத்து வரைந்தார். இடம் இல்லாததால் குட்டி என் இரண்டு வரிகளின்மேல் வாலைப் போட்டுப் படுத்துக்கொண்டது. சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீசையை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது போலிருக்கிறது. மற்ற குழந்தைகளும் வரிசையில் வந்து நின்றார்கள், ஐம்பது பிரதியும் முடிந்தது.

குழந்தைகள் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குழந்தைகள் போனதும் பதிப்பாளர் இருந்தார். பதிப்பாளர் போனதும் அவர் ஆட்டோ ஏறிவிட்டார்.

அச்சான மீதித் தொள்ளாயிரத்து ஐம்பது பிரதிகளும் சிஞ்ச்வடில் பைண்டிங் ஷெட்டில் கிடந்தன. பதிப்பாளர், ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றார்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்குச் சீட்டு ஒட்டுவீங்களா?" என்றார் அவர். "பூனை உண்டு, காணவில்லை என வருந்துகிறோம்னா?"

திங்கட்கிழமை காலையிலிருந்து ஷெட்டில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். உதவி என்று பெயர். ஒவ்வொரு பிரதியாக ஏழாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைப்பேன். அவர் குட்டியைப் போடுவார். மை காய்ந்ததும் மூடி அடுக்குவேன். ஒன்றைப்போல் இன்னொன்று வரையவில்லை அவர். ஒரு குட்டி காதைச் சொறிந்தது, ஒன்று கொட்டாவி விட்டது, ஒன்று என் வானத்தையும் தண்ணீரையும் சேர்த்து நக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு எதற்கு, ஒரே மாதிரி போட்டால் சீக்கிரம் முடியுமே என்றேன். "ஒவ்வொண்ணும் ஒரு புள்ள வீட்டுக்குப் போவுது சார்" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, புத்தகத்தைத் திறக்கும் விரல்கூடக் குறுகுறுத்தது.

செவ்வாய்க்கிழமை விரல் வலிக்கிறது என்று பேனாவைக் கீழே வைத்தவர், கேட்காமலேயே ஒரு கதை சொன்னார். டிரேஸராகச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வரைபடத்தில் எண்ணெய் போகும் துளை ஒன்றின் புள்ளிக்கோட்டைப் போடாமல் விட்டுவிட்டார். கீழே மெஷின் ஷாப்பில் துளை இல்லாமலே ஒரு வண்டி நிறைய உதிரிபாகம் செய்து முடித்துவிட்டார்கள், எல்லாம் கழிவுக்குப் போயிற்று. துளை போடாதது யார் என்று மெஷின்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். இவருடைய அப்பா வயதுள்ள மராத்திக்காரர். வரைபடத்தில் துளை இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை கொடுக்காமல் வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"நான் மேல இருந்து கண்ணாடி வழியா பாக்கறேன் சார். அந்த ஆளு டப்பாவைத் தொறந்து சாப்பிடறாரு. யாரும் பக்கத்துல உக்காரல. கீழ போறதுக்கு இருபத்திரெண்டு படிதான். எனக்கு எறங்க ரெண்டு நாள் ஆச்சு."

"எறங்கி என்ன சொன்னீங்க?"

"மாஜீ சூக் ஆஹேன்னேன். எல்லார் எதிர்லயும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"டிராயிங்கைக் கையில வாங்கி, எந்தக் கோடுன்னு காட்டச் சொன்னாரு. காட்டினேன். அப்புறம் நான் ரிசைன் பண்ற வரைக்கும் ஒவ்வொரு டிராயிங் கீழ போறப்பவும் கேப்பாரு, கோடெல்லாம் போட்டாச்சா மகளேன்னு."

சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் வடாபாவ் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அடுத்த பிரதியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் வலது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டர் சுற்றியிருந்தது, காலையில் நான் அதைக் கவனிக்கவில்லை. அதற்குமேல் முடியவில்லை.

"அக்கா, நீங்க மறக்கலீங்க. நாந்தான் எடுக்கச் சொன்னேன். அந்த ரெண்டு வரிக்காக."

அவர் பேனாவை மூடினார். ஷெட்டில் பைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார். "என் ஃபைல்ல பூனை இருக்குதே. சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் தொறந்து பாத்தேன்."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?"

"நான் எறங்க ரெண்டு நாள். உங்களுக்கு எத்தனை ஆவுதுன்னு பாத்தேன். அஞ்சு."

குரலில் சிரிப்பு இல்லை. கோபமாகத்தான் இருந்தார். அந்தக் கோபத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இரண்டு வரி சேர்த்தது அவருக்குப் பெரிதில்லை. குழந்தைகள் அவரை நம்பிப் புத்தகத்தைத் திறக்கிறார்கள், அந்த நம்பிக்கையில் நான் அவரிடம் கேட்காமல் கை வைத்துவிட்டேன்.

"எவ்ளோ மீதி?"

"முந்நூறு சொச்சம் இருக்குமுங்க."

எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றி வந்து தன் நாற்காலியைக் காட்டினார். "மாறி உக்காருங்க. நான் தொறந்து வைக்கிறேன், நீங்க போடுங்க."

"எனக்கு வரையவே வராதுங்க்கா."

"தெரியும். கோலம்கூட எனக்கு வராது. புள்ளைக்கு அழகான பூனை வேணாம் சார், பூனை வேணும். உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

புதன் மத்தியானமும் வியாழன் முழுவதும் நான் வரைந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். காது, வால், கோட்டை விட்டு விட்டுப் போடுங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் பூனைகள் சில எலிபோல் இருந்தன, சில உருளைக்கிழங்குபோல் இருந்தன. கடைசிப் பிரதியை மூடும்போது அவர் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது எனக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பழையபடி ரைட்டர் சார் என்று கூப்பிட்டார்.

இரண்டாம் பதிப்பில் என் வரிகள் இல்லை. நானே எடுக்கச் சொன்னேன், இந்தத் தடவை அவரைக் கேட்டுவிட்டு. "அந்த ரெண்டு வரியை ஒரு புள்ளயும் படிக்கல சார், பூனைதான் மேல படுத்திருந்துச்சே" என்று சமாதானம் சொன்னார். அதன்பிறகு நாங்கள் சேர்ந்து மூன்று புத்தகம் செய்தோம். ஒவ்வொன்றும் அச்சுக்குப் போகும்முன் ஃபோனில் ஒரே கேள்விதான் கேட்பார், கோடெல்லாம் இருக்குதா என்று. போன வருடம் மகளோடு இருக்க நாக்பூருக்கே குடிபோய்விட்டார். சிஞ்ச்வட் வழியாக லோக்கலில் போகும்போதெல்லாம் மடியில் ஈரமாவதுபோல் எனக்கு ஒரு பிரமை. அவர் இல்லாத ஊர் எனக்குக் கொஞ்சம் பிடிக்கத்தான் இல்லை.

இரண்டு வாரம் முன்னால் எங்கள் சொசைட்டி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சென்னைக் குடும்பத்துப் பெண், ஏழு வயதிருக்கும், அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பூனையைப் பள்ளிக்கூட இந்தியில் பில்லி என்பாள். ஏழாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உருளைக்கிழங்கு வகைப் பூனை.

"அங்கிள், இந்த பில்லிக்கு ஏன் அஞ்சு கால்?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். ஒன்றை வால் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வால் தனியாக இன்னொரு பக்கம் இருந்தது. அவள் அதையும் எண்ணியிருப்பாள்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "நான்தான் போட்டேன். தெரியாம ஒரு கால் அதிகமாப் போட்டுட்டேன்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், பூனையை ஒரு தடவை பார்த்தாள். விரலால் பையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, ரயில் குலுங்கியது, பை ஆடியது என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பரவால்ல அங்கிள்" என்றாள். "ஒரு கால் ஜாஸ்தி இருந்தா நல்லது. ரயில் ஆடினா பில்லி விழாது."